கூப்பிடுபவன் பின்னால் நிற்பான்

செப்டம்பரின் கடைசிச் சனிக்கிழமை, விடிவதற்குக் கொஞ்சம் முன்பு, ஹென்றி தன் மரவீட்டு மேசைமேல் உப்புச் சாடியையும் மிளகுச் சாடியையும் வைத்து இடங்களைக் காட்டினார்.

உப்பு சூர்யபிரகாஷ். சதுப்பின் ஓரம், முன்னால். மிளகு ஜெயசங்கர். பின்னால், ஊசியிலை ஸ்ப்ரூஸ் மரங்களுக்குள். கூப்பிடுபவன் பின்னால் நிற்பான், எய்பவன் முன்னால் நிற்பான் என்றார். ஆண் மூஸ், அந்தப் பெரிய கொம்புமான், குரல் வந்த இடத்தைத் தேடி வரும். வருகிற வழியில் வில் காத்திருக்க வேண்டும்.

இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று ஜெயசங்கர் கேட்டார். ஹென்றி மூஸைக் கூப்பிடும் மரப்பட்டைக் குழலைச் சூர்யாவிடம் நீட்டினார். சூர்யா அதை வாயருகே வைத்துக் கூப்பிட்டுப் பார்த்தான்.

"பஸ் பிரேக் புடிச்ச மாதிரி இருக்குல்லண்ணா?"

ஹென்றி இருமல் வரும்வரை சிரித்தார். குழல் ஜெயசங்கரின் கைக்கு வந்தது.

அவர் குரலில் குறை இல்லை. மூன்று வருடமாக, கர்க்லாண்டில் தன் வீட்டுக் கராஜ் கதவை மூடிக்கொண்டு பழகிய குரல். பெண் மூஸின் நீண்ட, மூக்கால் அழும் அழைப்பு. பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை அவர் மனைவி கிரிஜாவை நிறுத்தி, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். என் வீட்டுக்காரருக்குத்தான், குணமாகிற மாதிரி தெரியவில்லை என்றாள் கிரிஜா.

ஹென்றியின் மெச்சுதலுக்காகத்தான் அவர் அதைப் பழகினார். புவாண்ட்-கிளேர் அலுவலகத்தில் இருவரும் பதினைந்து வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. ஓய்வு பெற்ற பிறகு ஹென்றி அவரை வடக்கே தன் மரவீட்டுக்கு அழைத்தார். மூன்று இலையுதிர்காலம் ஹென்றி கூப்பிட்டார், ஜெயசங்கர் வில்லோடு முன்னால் நின்றார். எதுவும் வரவில்லை. இந்த வருடம் ஹென்றிக்கு முட்டியில் அறுவைச் சிகிச்சை. உரிமம் வாங்கவில்லை. இந்தப் பகுதியில் கொன்ற ஒரு மூஸில் இரண்டு வேட்டைக்காரர்களின் உரிமச் சீட்டைக் கட்ட வேண்டும். அதனால்தான் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த சூர்யாவை ஜெயசங்கர் கேட்டார்.

சூர்யா மே மாதம் வில் வாங்கினான். டோர்வலில், விமானங்கள் தலைக்குமேல் இறங்கும் ஒரு பயிற்சிக் கூடத்துக்குத் தனியாகப் போய்வந்தான். ஆகஸ்டில் ஜெயசங்கர் உடன் போனார். சூர்யாவின் அம்புகள் ஒரு தோசை அகலத்துக்குள் குத்தி நின்றன. ஜெயசங்கரின் அம்புகள் இலக்கு அட்டை முழுவதும் இருந்தன. தோள் வலிக்கிறது என்று சொல்லிச் சீக்கிரம் கிளம்பினார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஹென்றியின் தாய்மொழியான பிரெஞ்சைத்தான் பொறுக்க முடியவில்லை. ஜெயசங்கரின் பிரெஞ்சு கடை வாசலைத் தாண்டாது. ஹென்றியிடம் எப்போதும் ஆங்கிலம்தான். சூர்யா இந்த ஊருக்கு வந்து மூன்று வருடம். அதற்குள் பிரெஞ்சில் திட்டக்கூடத் தெரிந்திருந்தது. முந்தின இரவு அவனும் ஹென்றியும் வசவுகளைப் பரிமாறிக்கொண்டு மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஹென்றி அப்படிச் சிரித்து ஜெயசங்கர் பார்த்ததில்லை. ஜெயசங்கர் தட்டுகளைக் கழுவினார். ஹென்றி என்ன சொல்கிறார் என்று கேட்டார். ஒண்ணுமில்லண்ணா, சும்மா என்றான் சூர்யா.

இருட்டிலேயே காட்டுக்குள் போனார்கள். ஹென்றி வீட்டில் இருந்துகொண்டார். வாக்கி-டாக்கியில் சொன்னால் நான்கு சக்கர வண்டியோடு வருவதாக ஏற்பாடு.

மரங்கள் நெருக்கமாக நின்றன. கிளைகள் தரைவரை காய்ந்து பின்னிக்கிடந்தன. பாசி காலடிச் சத்தத்தை விழுங்கியது. சூர்யா முன்னால் போய் ஒரு விழுந்த மரத்தின் பின்னே மண்டியிட்டதை ஜெயசங்கர் பார்த்தார். பிறகு அவன் தொப்பி மட்டும் தெரிந்தது. தன் வில்லை ஒரு மரத்தில் சாய்த்தார்.

வெளிச்சம் வந்ததும் கூப்பிட்டார். நிறுத்தினார். காத்திருந்தார். மறுபடி கூப்பிட்டார்.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. கால் விறைத்தது. இந்த வருடமும் வராது என்று நினைத்தார். அந்த நினைப்பில் ஓர் ஆறுதல் இருந்தது.

அப்போது சதுப்புக்கு அப்பால் ஓர் உறுமல் கேட்டது. குறுகிய, அடித்தொண்டை உறுமல். கிளை முறிந்தது. இன்னொரு உறுமல், முன்னதைவிடப் பக்கத்தில். அவர் குரலுக்குப் பதில். வாழ்க்கையில் முதல்முறை. பிறகு, அது யாரிடம் வந்து சேரப்போகிறது என்பது உறைத்தது.

கொம்பு மரத்தில் உரசும் சத்தம். தண்ணீரில் குளம்பு. அதன் பிறகு சத்தம் நின்றது. சூர்யாவின் தொப்பி அசையவில்லை. விலங்கு அவனுக்கு நேர் எதிரில் நிற்கிறது என்று ஜெயசங்கருக்குத் தெரிந்தது. இந்த நேரத்தில் கூப்பிடக் கூடாது. அதுவும் தெரியும்.

வில்லை எடுத்தார். அம்பைப் பூட்டினார். குனிந்தபடி இடப்பக்கம் நகர்ந்தார், சூர்யாவைவிட்டு விலகி, மரங்கள் கொஞ்சம் திறந்திருந்த இடத்துக்கு. அங்கிருந்து பார்த்தால் அவன் தெரியவில்லை. குழலை உயர்த்தி, தாழ்ந்த குரலில், கெஞ்சுவதுபோல ஒருமுறை கூப்பிட்டார்.

சதுப்பில் கனமான உடல் ஒன்று திரும்பியது. இந்தப் பக்கம். வா, என்று நினைத்தார். குழலைக் கீழே போட்டார். தன்னைத் தாண்டி எங்கே போகப்போகிறது.

நாண் அதிர்ந்தது. அவருடையது அல்ல. ஈரச் சாக்கில் குத்துவிட்டதுபோல ஒரு சத்தம். பிறகு காடே ஓடியது.

சூர்யா கிளைகளை விலக்கிக்கொண்டு வந்தான்.

"மூஞ்சியக் காட்டிக்கிட்டே நின்னுச்சுண்ணா. அம்பு விட இடமே இல்ல. நீங்க அந்தப் பக்கம் போய் கூப்பிட்டீங்க பாருங்க, அப்படியே விலாவக் காட்டித் திரும்புச்சு. எப்படிண்ணா தோணுச்சு?"

"தோணுச்சு" என்றார் ஜெயசங்கர்.

காத்திருந்துவிட்டு இரத்தத்தைத் தொடர்ந்தார்கள். தூரம் அதிகமில்லை. மூஸ் பக்கவாட்டில் கிடந்தது. குதிரையைவிடப் பெரிது. கொம்பில் சதுப்பின் களை தொங்கியது. சூர்யா அதன் கழுத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அழுகிறானோ என்று தோன்றியது. அந்த அழுகையும் தனக்குச் சேரவேண்டியது என்று ஜெயசங்கர் நினைத்தார்.

ஹென்றி வண்டியை நிறுத்திவிட்டு நொண்டிக்கொண்டு வந்தார். சூர்யாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். அவன் முகத்தைக் கைகளுக்குள் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். பிரெஞ்சில். பிறகு ஜெயசங்கர் பக்கம் திரும்பி, நல்ல வேலை என்றார். ஆங்கிலத்தில். கை குலுக்கினார்.

இருவரின் சீட்டையும் கட்டிவிட்டால் அறுக்கத் தொடங்கலாம் என்றார். சூர்யா தன் சீட்டைக் கொம்பில் கட்டினான். விலகி நின்று ஜெயசங்கருக்கு இடம் விட்டான்.

சீட்டு அவர் சட்டைப் பையில் இருந்தது. பைமேல் கை வைத்தார். எடுக்கவில்லை.

"இன்னிக்குப் புரட்டாசி சனிக்கிழமை, சூர்யா."

சூர்யா சிரித்தான். அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினான்.

"என்னண்ணா?"

"கிரிஜா மாசம் பூரா முட்டைகூட வாங்கறதில்ல. நான் இதுல என் பேரப் போட்டுட்டு வீட்டுக்குப் போக முடியாது. மனசு ஒப்பல."

முந்தின இரவு ஹென்றி ஆக்கிய பன்றி இறைச்சியை அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தார். மூவருக்கும் அது தெரியும். மாதத்தைப் பற்றி ஹென்றிக்கு மட்டும் தெரியாது.

என்ன சிக்கல் என்று ஹென்றி கேட்டார். யாரும் மொழிபெயர்க்கவில்லை. அவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டாவது சீட்டு இல்லாமல் இந்த மூஸை இங்கிருந்து நகர்த்த முடியாது. சூர்யாவுக்கும் அது தெரியும். அவன் கெஞ்சவில்லை. கோபப்படவும் இல்லை. ஜெயசங்கரின் இடக்கையில் இருந்த வில்லைப் பார்த்தான். நாணில் அம்பு இன்னும் பூட்டியபடியே இருந்தது. அவன் பார்வை அங்கே நின்றது. பிறகு அவர் முகத்துக்கு வந்தது.

"இதுல பாஞ்ச அம்பு உங்களோடதா இருந்திருந்தா, அண்ணா?"