திரையில் மட்டும் குடைந்த பலகை

அப்பாவின் கறுப்புக் கோட்டில் ஒட்டியிருந்த மரத்தூளை ஆஃப்ரா தட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலில் உயிரற்றுக் கிடந்தவருக்கு மாட்டிவிட வேண்டிய காலுறைகளை விரித்தபடியே பக்கத்து வீட்டு ரோஸ்விதா மெல்ல ஆரம்பித்தாள்.

"செவ்வாக்கெழம முட்டை குடுக்க வந்தேன். பட்டறைக் கம்ப்யூட்டர்ல ஒரு சாவுப் பலகை ஓடிக்கிட்டிருந்துச்சு. ஓரமெல்லாம் ஓக் இலை, நடுவுல சிலுவை. ஊர்ல யாரும் சாகலியேன்னு நெனச்சேன்."

"அப்பா இருந்தாரா?"

"இல்ல, உன் தம்பிதான் இருந்தான். என்னயப் பாத்ததும் திரைய அணைச்சுட்டான்."

ரோஸ்விதா காலுறையை நீவிவிட்டாள். பற்றவைக்க அவளுக்கு ஒரு குச்சி போதும்.

சாவுப் பலகை என்பது பவேரியக் காட்டில் அந்தக் காலத்தில் பிணத்தைக் கிடத்திய பலகை. இப்போது பெயரும் வருடமும் குடைந்து தேவாலயப் பாதையோரம் நட்டுவைக்கிறார்கள். உயிரோடு இருப்பவனுக்கு மட்டும் செய்யக்கூடாது. முன்கூட்டியே செய்து வைக்கலாமா என்று கேட்ட ஒரு பணக்கார விவசாயியை அப்பா பட்டறையை விட்டே துரத்தியிருக்கிறார். அந்த அப்பாவுக்கே உயிரோடு இருக்கும்போது யாரோ பலகை வரைந்திருந்தால்?

காலையில் பட்டறை நாற்காலியில் அப்பா செத்துக் கிடந்ததைப் பார்த்தவன் தம்பி கொர்பீனியன். ரேகன்ஸ்பூர்க் நகரத்திலிருந்து ஆஃப்ரா வந்து சேர்வதற்குள் அப்பா கட்டிலில் கிடந்தார், டாக்டர் இதயம் நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார், பட்டறை பூட்டியிருந்தது. சாவி தம்பியின் சட்டைப்பையில் இருந்தது. துக்க நாளில் பட்டறையைப் பூட்ட என்ன அவசரம்?

சமையலறையில் அவன் சூப்பில் கிடந்த ஈரல் உருண்டையைக் கரண்டியால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தான். கண் பள்ளத்தில் கிடந்தது. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை. அக்காவை நிமிர்ந்து பார்க்கவில்லை. மனசு உறுத்துகிறவன் இப்படித்தான் இருப்பான் என்று ஆஃப்ரா முடிவே கட்டிவிட்டாள்.

"பட்டறைச் சாவியக் குடு. அப்பாவோட பலகைய நான் பாக்கறேன்."

"நாளைக்கு நானே செஞ்சுடறேன்க்கா."

"நாளைக்கு எதுக்கு? ஏற்கெனவே செஞ்சு வச்சிருக்கியாமே."

கரண்டி நின்றது. "யாரு, ரோஸ்விதாவா?"

"யாரா இருந்தா என்ன? அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் குடுத்ததும் நீதானே?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே கேட்டது. கொர்பீனியன் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினான். சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான். "போய்ப் பாரு," என்றான். அவன் கோபப்படாததே அவளுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

பட்டறையில், கணினி சொல்கிறபடி மரம் குடையும் சிஎன்சி இயந்திரத்தின் மேல் வெறும் லார்ச் மரப் பலகை ஒன்று கிடந்தது. ஒரு கீறல்கூட இல்லை. சின்ன வயதில் சனிக்கிழமைதோறும் இந்தக் கணினியில் அப்பாவுக்கு உதவியவள் அவள். கடைசியாகத் திறந்த வடிவத்தைத் திறந்து, வெள்ளோட்டம் பார்க்கும் பட்டனை அழுத்தினாள். இயந்திரம் அசையவில்லை. திரையில் இருந்த பலகைமேல் மட்டும் பிட் என்கிற குடையும் முனை ஊர ஆரம்பித்தது.

முதலில் கரை. ஓக் இலைகள் ஒவ்வொன்றாக எழும்பின. நரம்புவரை அத்தனை நுணுக்கம், அவசரத்தில் செய்த வேலை இல்லை. அடுத்து சிலுவை. பெயர் கடைசியில்தான் வரும், அது அப்பா வைத்த வரிசை. வேகத்தைக் கூட்ட ஒரு பட்டன் இருந்தது. அவள் விரல் அதன் பக்கம் போகவில்லை.

பிட் மாறியது. மேலிருந்து கீழே ஒரு நேர்கோடு இறங்கியது. பென்னோ என்ற அப்பாவின் பெயரில் வரும் B-யும் நேர்கோட்டில்தான் தொடங்கும். பாவி, செய்தேவிட்டான் என்று நினைத்தாள். ஆனால் வளைவு வரவேண்டிய இடத்தில் பிட் சாய்வாக ஏறியது, சாய்வாக இறங்கியது, அது K. ஒவ்வொரு எழுத்தாக வந்து பெயர் முடிந்தது.

கொர்பீனியன் ஹிர்ட்ரைட்டர். அதன்கீழே அவன் பிறந்த வருடம், ஒரு சின்னக் கோடு. அத்தோடு பிட் மேலே எழும்பி நின்றுவிட்டது.

"எழுத்து கொஞ்சம் பெருசு," என்றான் கொர்பீனியன் வாசலில் நின்றபடி. "நான் சொன்னேன், அப்பா கேக்கல."

"என்னடா இது?"

"கணையத்துல புத்துநோய். ஈஸ்டர் நோன்பு ஆரம்பிக்கும்போதே தெரியும். அப்பாகிட்ட மட்டும்தான் சொன்னேன். வேற எவனோ என் பலகையச் செய்யறதுல அவருக்கு இஷ்டமில்ல. மரத்துல ஏத்தமாட்டேன், திரைல பாக்கறது கணக்குல சேராதுன்னாரு. தெனமும் சாயங்காலம் ஓட்டிப் பாப்பாரு, ஒரு இலைய மாத்துவாரு. அன்னைக்கு, எழுத்து எப்படின்னு பாத்துக்கிட்டிரு, காபி போட்டுட்டு வரேன்னு போனாரு. அந்த நேரம் பாத்து முட்டை வந்துச்சு."

"இன்னைக்குக் காலைல?"

"இதுதான் திரைல நின்னுச்சு. நீ பாத்துடக்கூடாதுன்னு அணைச்சுப் பூட்டினேன்."

ஆஃப்ராவுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. "மாத்திரையப் பத்தி நான் சொன்னது..."

"விடுக்கா. தள்ளு, அப்பாவுக்குப் பண்ணணும்ல."

இந்தப் பட்டறையில் யாரும் புதுப் பலகையை வெறுமையிலிருந்து தொடங்குவதில்லை. கடைசிப் பலகையைத் திறந்து பெயரை மாற்றுவார்கள். அவன் உட்கார்ந்து தன் பெயரை அழித்தான், அப்பாவின் பெயரைத் தட்டினான், பிறந்த வருடம், இறந்த வருடம் இரண்டையும் போட்டான். பழையதன்மேல் இதைப் பதிந்துவிடவா என்று திரை கேட்டது.

"ஆமான்னு போடு," என்றாள் ஆஃப்ரா. அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உன்னோடது அழியட்டும், போடுடா."

அவன் திரையில் இருந்த கேள்வியை மறுபடி படித்தான். பிறகு 'வேண்டாம்' என்பதை அழுத்தி, அப்பாவின் பலகைக்கு வேறு பெயர் கொடுத்துத் தனியாகச் சேமித்தான்.

அவள் சமையலறைக்குப் போய் சூப்பைச் சுடவைத்து எடுத்து வந்தாள். திரையில் அப்பாவின் பலகைக்கான ஓக் இலைகள் மறுபடி முதலிலிருந்து எழும்பிக்கொண்டிருந்தன. கிண்ணத்தை அவன் முன்னால் வைத்தாள். அவன் கரண்டியை எடுக்கும்வரை அங்கேயே நின்றாள்.