சாமியின் நாக்கு ஒட்டிக்கொண்ட ஈஸ்டர்

என் தோழி எர்சிலியா அந்த வருடம் இனிப்பு ஒயின் செய்யவில்லை என்பது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தது என் தப்புதான். என்னதான் நடக்கிறது பார்ப்போமே என்ற ஆசையும் கொஞ்சம் இருந்தது.

எங்கள் ஊர் மோந்தெஃபால்கோவுக்குத் தெற்கே ஒரு மேட்டில் இருக்கிறது. நூற்றைம்பது பேர், ஒரு கோவில், ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத இரண்டு மதுக்கடைகள். நான் பள்ளிக்கூட டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் ஆர்கன் வாசிப்பவளும் நான்தான். எங்கள் பக்கத்துக் கறுப்புத் திராட்சைக்குச் சாக்ரன்தினோ என்று பெயர். அதைப் பறித்து மேல்மாடியில் நாணல் பாய்களில் பரப்பி, சுருங்கும்வரை காயவைத்துப் பிழிந்தால், தேன் போல இனிக்கும் சிவப்பு ஒயின் கிடைக்கும். ஈஸ்டர் பூசைக்கும் அதுதான், ஈஸ்டர் ஆட்டுக்கறிக்கும் அதுதான். அந்தப் பழத்தின் தோலுக்குள் எவ்வளவு துவர்ப்பு இருக்கிறது என்பது யாருக்கும் நினைவில்லை. கல்யாணத் தரகன் மாப்பிள்ளையின் குணத்தை மூடி மறைப்பதுபோல, சர்க்கரை அதை மறைத்து வைத்திருந்தது.

1973 அக்டோபர் மழையில் எர்சிலியா வீட்டு மேல்மாடிக் கூரை இடிந்து விழுந்தது. பாய் விரிக்க இடமில்லை. அவள் கணவன் செத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. கொழுந்தன் குவிந்தோ மறுநாளே வந்து நின்றான்.

"பேசாம திராட்சையெல்லாம் எங்கிட்ட விட்டுடுங்க அண்ணி. பொம்பள தனியா என்ன பண்ணுவீங்க?"

"உங்க அண்ணன் இருந்தப்பவும் நான்தான் பண்ணேன். அவரு குடிக்கிற வேலையை மட்டும் பாத்துக்கிட்டாரு" என்றாள் எர்சிலியா.

காயவைக்காத பழத்தை அப்படியே தொட்டியில் போட்டு மிதித்தாள். சர்க்கரை கடைசிச் சொட்டுவரை புளித்துப் பொங்கித் தீரட்டும் என்று விட்டுவிட்டாள். பிப்ரவரியில் எனக்கு ஒரு டம்ளர் கொடுத்தாள். என் இரண்டு கன்னமும் உள்ளே போய் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. பிஞ்சு மாதுளையைத் தோலோடு மென்றதுபோல் இருந்தது.

"என்னடி இது?"

"இதுதான்டி அந்தப் பழம். இத்தனை வருஷமா நாமதான் அத மிட்டாயாக்கி வெச்சிருந்தோம்."

"பங்குச் சாமிகிட்ட சொல்லிட்டியா?"

"அவரு கேக்கலியே."

பங்குச் சாமியார் தோன் உபால்தோ உருண்டையான மனிதர். வருடா வருடம் ஈஸ்டருக்கு எர்சிலியா அனுப்பும் பாட்டிலை ருசி பார்க்காமலே பீடத்தில் வைத்துவிடுவார். அவ்வளவு நம்பிக்கை. கிண்ணத்தில் ஊற்றும்போதும் அவர் கை சிக்கனம் பார்த்ததில்லை.

அந்த ஈஸ்டரன்று ஆர்கனுக்கு மேலே மாட்டியிருக்கும் கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாமி கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தினார். கண்களை மூடினார். ஒரே மூச்சில் குடித்தார். கண்கள் திறந்தன. பிறகு இன்னும் பெரிதாகத் திறந்தன. உதடுகள் சுருக்குப்பையின் வாய் மாதிரி குவிந்தன. முடிவு ஜெபம் பாட வேண்டிய இடத்தில் "ம்ம்... ம்மன்..." என்றார். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. சமாதானமாகப் போங்கள் என்று சொல்ல முடியாமல், கோழியை விரட்டுவதுபோல் இரண்டு கைகளாலும் எங்களை விரட்டினார். முன்வரிசையிலிருந்த குவிந்தோதான் முதலில் சிரித்தான். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் நான் அல்லேலூயா வாசித்தேன்.

கோவில் படிக்கட்டுக்கு வந்தபோது சாமிக்குப் பேச்சு திரும்பியிருந்தது.

"எர்சிலியா! இது ஒயினா, காடியா?"

"காடின்னே வெச்சுக்குங்க சாமி. ஆண்டவருக்குச் சிலுவையில காடிதான குடுத்தாங்க? அவரு இப்படிக் கத்தலியே."

"வாய மூடு! காடியா இருந்தா பூசை செல்லாது. எல்லாரும் உள்ள வாங்க, முதல்லேருந்து தொடங்கணும்."

கூட்டம் வெலவெலத்துப்போனது. ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும் ஆட்டுக்குட்டி வெந்துகொண்டிருந்தது. சாமியின் ஈஸ்டர் பூசை ஒன்றே முக்கால் மணி நேரம்.

"ஒயின்தான் சாமி!" என்று முதலில் கத்தியதும் குவிந்தோதான். "அருமையான ஒயின்! எங்க அண்ணி கைக்கு வேற யாரு ஈடு?"

"ஆமா, ஒயின்தான்!" என்றது ஊர்.

எர்சிலியாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு சொட்டு குடிக்காமலே சொல்றீங்களா? கறி கருகிடும்னுதான? உங்க பிச்சை எனக்கு வேணாம். குடிச்சிட்டுச் சொல்லுங்க!"

கோவிலுக்குள் போய், மிச்சமிருந்த பாட்டிலை எடுத்து வந்து முன்னால் நின்றவர் கையில் திணித்தாள். பாட்டில் ஆள் மாறி ஆள் போனது. போன இடமெல்லாம் பேச்சு நின்றது. ஒயினா காடியா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் எல்லாரும் உதட்டைக் குவித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றார்கள். குவிந்தோ கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினான். கண்ணில் தண்ணீர் நின்றது.

எர்சிலியா விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். திரும்பும்போது கையில் கறித் தட்டும் இன்னொரு பாட்டிலும் இருந்தன. கொழுப்பு சொட்டச் சொட்ட, ரோஸ்மேரி இலை வாசனையோடு விலா எலும்புகள்.

"வெறும் வாயில குடிச்சா அது கடிக்கத்தான் செய்யும். இதத் தின்னுட்டுக் குடிங்க சாமி."

சாமி காலையிலிருந்து பட்டினி. கௌரவத்துக்காக ஒரு நொடி தயங்கினார். ஒரு விலாவைக் கடித்தார், கொழுப்பு தாடையில் வழிய ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கவில்லை. இன்னொரு கடி, இன்னொரு வாய். துவர்ப்பு கொழுப்பைப் பிடித்துக்கொண்டது, வாய் சுத்தமாகிவிட்டது. நான்காவது எலும்பைக் கீழே வைத்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொன்னார்.

"ஒயின்தான். பூசை செல்லும். ஆனா இத இனிமே பீடத்துக்கு அனுப்பாத. என் வீட்டுக்கு அனுப்பு."

ஊர் கறியைக் காப்பாற்ற ஓடியது. எர்சிலியா படிக்கட்டில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"பயந்துட்டேன்டி" என்றாள் என்னிடம். "பூசை செல்லாதுன்னதும், ஊரையே நரகத்துக்கு அனுப்பிட்டேனோன்னு."

"குவிந்தோ மட்டும் போயிருப்பான்" என்றேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

மீதி ஒயினை அவள் நான்கு வருடம் பீப்பாயிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தபோதும் கடித்தது. ஆனால் கடித்த கையோடு காட்டுப்பழ வாசனை வந்தது, ஈரமண் வாசனை வந்தது. ஸ்பொலெத்தோவிலிருந்து ஓட்டல்காரர் ஒருவர் வந்து குடித்துப் பார்த்துவிட்டு, இன்னொரு டம்ளரும் வாங்கிக் குடித்து, முழுப் பீப்பாயையும் கேட்டார். பத்து வருடத்தில் பாதி ஊர் இனிப்பை விட்டுவிட்டது. பூசைக்கு ஒர்வியெத்தோ ஊரிலிருந்து வெள்ளை ஒயின் வந்தது. சாமி அதைப் பீடத்தில் ஒரு வாயோடு நிறுத்திக்கொண்டு, எர்சிலியாவின் ஒயினோடு வரும் ராச்சாப்பாட்டுக்காகக் காத்திருந்தார்.

வெளியூர்க்காரர்கள் வந்தால் குவிந்தோ, துவர்ப்பு ஒயின் தன்னுடைய யோசனைதான் என்று இன்றும் மதுக்கடையில் உட்கார்ந்து கதையளக்கிறான். ஏன்டி மறுத்துப் பேசமாட்டேங்கிற என்று எர்சிலியாவிடம் கேட்டேன்.

"சொல்லிட்டுப் போறான்" என்றாள். "அவன் பண்ற ஒயின ஒரு வாய் குடிச்சதும் எவனும் நம்பமாட்டான்."