போர்சியா சாத்த மறந்த கதவு

மாத்தேராவில் பழைய குகைவீடுகள் பக்கம் இறங்குவது பெரிதல்ல, கண்ணுகளா; திரும்பி ஏறுவதை நினைத்தாலே எனக்கு முழங்கால் வலிக்கும். அன்று நானும் என் வீட்டுக்காரர் எவுஸ்தாக்கியோவும் மாற்றி மாற்றிப் பெட்டி தூக்கிக்கொண்டு இறங்கினோம். பெட்டி என் நாத்தனார் போர்சியாவுடையது. கல்யாணமாகி வடக்கே தொரினோ நகரத்துக்குப் போனவள். ஊருக்கு வந்தாலும் மேலே எங்கள் குடியிருப்போடு திரும்பிவிடுவாள். இந்தமுறை, பிறந்த குகையில் ஒரு ராத்திரி தங்கியே தீருவேன் என்றாள். அது இப்போது விடுதி அறை.

உள்ளே வெள்ளைச் சுவர், வெள்ளைப் படுக்கை. பின்னால் கோவேறு கழுதை நின்ற இடத்தில் குளியல் தொட்டி. கழுதை இருந்திருந்தால் அதற்கும் ஒரு துண்டு கொடுத்திருப்பார்கள் என்றார் என்னவர். போர்சியா சிரிக்கவில்லை. கதவையே பார்த்தபடி நின்றாள்.

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. அப்போது அவளுக்கு ஏழு வயது. கைக்குழந்தையாயிருந்த தம்பி வித்தோவுக்குக் காய்ச்சல். பனிக்கால விடியலில் தண்ணீர் எடுக்க, பல வீடுகளுக்கும் பொதுவான முற்றத்துக்குப் போனவள் கதவைச் சாத்த மறந்துவிட்டாளாம். கழுதையின் மூச்சுதான் அந்த வீட்டுக்குச் சூடு. அது அத்தனையும் வெளியே போய்விட்டது. மறுநாள் பிள்ளை இல்லை. அம்மா அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டாததைத்தான் இவள் இத்தனை காலம் சுமந்திருக்கிறாள்.

"நான்தானே அண்ணே அவனக் கொன்னேன்? மறைக்காமச் சொல்லு. அதுக்குத்தான் வந்தேன்."

என்னவர் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தார். அப்பாவோடு போய்க் குழந்தையைப் புதைத்துவிட்டு வந்தவர் அவர்.

"அந்தக் குளிர்ல நம்ம முத்தத்துல நாலு பிள்ளைங்க போச்சு. நாலு வீட்டுக் கதவையும் நீயாடி தொறந்து வச்ச?"

அவள் கதவிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"எல்லா வீட்லயும் அதே காய்ச்சல்தான். அம்மா உம்மேல கோவத்துல பேசாம இல்ல. பேசத் தெம்பில்ல அவங்களுக்கு."

"யாராவது எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேட்டாத்தானே. வந்தா உன் தொரினோ டிராமைப் பத்தியே அளப்ப."

அவர் பக்கத்திலேயே அவளும் உட்கார்ந்துவிட்டாள். விடுதிப் பெண் வந்து ராத்திரிச் சாப்பாடு இங்கேயா என்று கேட்டாள். தங்கவில்லை என்றாள் போர்சியா.

"அண்ணி, வீட்ல என்ன இருக்கு?"

அவரைக்கொட்டை மசியலும் காட்டுக்கீரையும் என்றேன். அது போதும் என்றாள்.

மேலே போய்ப் பேருந்து பிடித்து வீடு வந்து தட்டு வைத்தேன். பாதி சாப்பாட்டில், கரண்டி கையிலிருக்க, மேசைமேல் தலை வைத்துத் தூங்கிப்போனாள். நாங்கள் எழுப்பவில்லை.