உள்ளங்கைக்குள் கடல்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தாராவியில் எங்கள் சால் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் என் மகள் விஜயராணி மாதாமாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருளும்போது மட்டும் அந்த வாய்க்கு ஒரு வார்த்தை கிடைக்காது.

போன வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு அக்கவுண்ட்ஸ் பரீட்சையில் பாதியிலேயே வலி தாங்காமல் எழுந்து வந்துவிட்டாள். ஃபெயில். இந்த வருஷமும் அதே பரீட்சை அந்த நாளில்தான் வந்து விழுந்தது. சண்டாளத் தேதி!

"இந்தத் தடவையும் போச்சுன்னா படிச்சது போதும், மாப்பிள்ளை பாத்துருவோம்" என்று சொல்லிவிட்டார் அவள் அப்பா காசிராஜன்.

ஸ்கேனில் கோளாறு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அவர் தந்த மாத்திரைக்குப் பாதி வலிதான் அடங்கியது. அந்தக் கிளினிக்கில் பிசியோதெரபி பார்க்கும் ஜுவைரியாதான் வி.ஆர். பெட்டியை இரவல் தந்தாள். கண்ணாடி மாதிரி முகத்தில் மாட்டினால் கண் முழுக்க மூடிக்கொள்ளும். உள்ளே கடற்கரை தெரியும். ஒரு பெண் இந்தியில் மெதுவாக மூச்சை இழுக்கச் சொல்வாள், விடச் சொல்வாள்.

"வயித்து வலிக்குக் கண்ணுல கட்டா? நல்லாருக்கு ஒங்க வைத்தியம்!" என்றேன்.

"வலி ஓடிப்போயிராதுக்கா. ஆனா புத்தி அதுலயே கெடக்காது. மாத்திரையோட இதையும் பழகட்டும்."

விஜயராணி பாயில் படுத்துப் பழகினாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அந்தக் குரலைத் தமிழில் நக்கலடிப்பேன். "மூச்ச இழுங்கோ... விடுங்கோ..." பெட்டிக்குள்ளிருந்து சிரிப்பாள். அடுத்த மாத வலியில் அவள் முகம் மெல்லத் தளர்வதைக் கண்ணால் பார்த்தபின் நக்கலை நிறுத்திவிட்டேன்.

என் வீட்டுக்காரர் அப்போது பங்குனி உத்திரத்துக்கு மாலை போட்டிருந்தார். மாலை போட்ட வீட்டில் தூரமான பெண் இருக்கக்கூடாது, பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். "படிக்கிற பிள்ளைய எங்க அனுப்ப? இங்கனயே இருக்கட்டும். அவ தொட்டதுல மஞ்சத்தண்ணி தெளிச்சுக்கிடுதேன், முருகன் கோவிச்சுக்க மாட்டான்" என்றார். நல்ல மனுஷன்தான். பரீட்சை அன்று காலை அந்த நல்ல மனுஷன் பாய், தலையணை, டம்ளர் எல்லாவற்றிலும் தெளித்துவிட்டு, பெட்டியிலும் ஒரு கை அள்ளித் தெளித்திருந்தார்.

விஜயராணி மாட்டிப் பார்த்தாள். "அம்மா, ஒரே இருட்டா இருக்கும்மா."

"கூறு இருக்கா ஒங்களுக்கு? கரண்டுல ஓடுற சாமானுக்குமா தீட்டு? ஜுவைரியாட்ட நான் என்னத்தச் சொல்ல?"

அவர் சொம்போடு நின்றார். "தெரியாமச் செஞ்சிட்டேன் புள்ள."

மாத்திரையைக் கொடுத்து ஆட்டோ பிடித்தோம். தீட்டுப் படக்கூடாதென்று நடுவில் நான், ஒரு ஓரம் அவர். சயான் சிக்னல் வருமுன்னே அவள் மடங்கிவிட்டாள்.

"முடியலம்மா. நான் போகல."

இரண்டு உள்ளங்கையாலும் அவள் கண்களைப் பொத்தினேன். "மூச்ச இழு... மெதுவா... இப்ப விடு. கடல் தெரியுதா?"

"தெரியல. வெங்காய வாடை அடிக்கி."

"அப்ப வெங்காயக் கடல்னு வச்சுக்க. அலை வருது பாரு... போகுது பாரு..."

வலியோடு சிரித்தாள். பள்ளிக்கூடம் வருவதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நான் ஆட்டோவுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் வலி அவளை மறுபடியும் பிடித்தது. திரும்பிப் பார்த்தால், கழுத்தில் மாலையோடு அவர் அவள் முன்னால் நிற்கிறார். இரண்டு கையும் அவள் கண்மேல்.

"மூச்ச இழு தாயி. அலை வருது... போகுது..."

அவள் அந்தக் கைகளைக் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு விட்டுவிட்டு உள்ளே நடந்தாள்.

"வீட்டுக்குப் போயி தலைமுழுகிட்டு வாங்க" என்றேன்.

"அவ வரட்டும்."

வெயிலில் கேட்டைப் பார்த்தபடியே நின்றோம். போன வருஷம் அவள் எழுந்து வந்த நேரம் வந்தது, போனது. கடைசி மணி அடிக்கும்வரை விஜயராணி வெளியே வரவில்லை.