மைத்துனன் என்றொரு அச்சுப்பிழை

அச்சகத்தில் அவர்களைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அவர் புரூப் ஐயா, அவள் புரூப் அம்மா. கல்யாணமாகி முப்பத்தாறு வருடம். அதில் முப்பது வருடமாக ஒரே வேலை, அச்சுப்பிழை திருத்துவது. சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்துகொள்வார்கள். அவர் மூலப்பிரதியை உரக்கப் படிப்பார். அவள் சிவப்புப் பேனாவோடு அச்சுத்தாளில் பின்னாலேயே போவாள். கமா வந்தால் கமா என்பார், முற்றுப்புள்ளி வந்தால் புள்ளி என்பார், பத்தி முடிந்தால் மேசையில் ஒரு தட்டு. சட்டப் புத்தகமோ, பயிர்நோயோ, கப்பல் எஞ்சினோ, எது வந்தாலும் அதே குரல்தான். மனிதர் வேறு எதில் வேண்டுமானாலும் மழுப்புவார், மூலப்பிரதியில் ஓர் எழுத்தைக்கூட மழுப்ப மாட்டார் என்று அவளே நாலு பேரிடம் பெருமையடித்திருக்கிறாள்.

அந்தத் திங்கட்கிழமை அவர் கொண்டுவந்த கட்டின் மேல் ‘தந்திர நெறி’ என்று எழுதியிருந்தது.

“என்ன, நரிக் கதையா?” என்று கேட்டாள்.

“அந்தத் தந்திரம் இல்லம்மா. இது ஆன்மிகம்.”

தத்துவம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியை கையால் எழுதித் தந்ததாம். ஆன்மிகம் என்ற சொல் காதில் விழுந்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. ஆறு வருடத்துக்கு முன்னால் அவருக்கு மாரடைப்பு வந்து பிழைத்தெழுந்தார். வீடு திரும்பிய அதே மாதம் அவளுடைய தம்பி ஒரு பை நிறையப் புத்தகத்தோடு வந்து சேர்ந்தான். அத்தான், குடும்ப வாழ்க்கை போதும், உடம்பைத் தாண்டினால்தான் மேலே போக முடியும், அதற்கு முதல் படி தனிப்படுக்கை என்று ஒரு மணி நேரம் பொழிந்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனான். அன்றைக்கே அவருடைய தலையணை முன்னறைக்குப் போனது. போனது போனதுதான்.

சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. காய் நறுக்கித் தருவார், துணி உலர்த்துவார், அவளுக்கு முழங்கால் வலித்தால் தைலத்தை எடுத்துக் கொடுப்பார். எடுத்துக் கொடுப்பார், அவ்வளவுதான், தேய்த்துவிட மாட்டார்.

இவர் நிஜமாகவே மேலே போய்விட்டாரா, இல்லை நான்தான் வேண்டாதவளாகிவிட்டேனா? இந்த ஒரு கேள்வியை ஆறு வருடமாக அவள் தொண்டையிலேயே வைத்திருந்தாள். ஐம்பத்தொன்பது வயதில் ஒருத்தி இதையெல்லாம் கேட்பாளா என்று கூச்சம். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம் வேறு.

முதல் மூன்று அத்தியாயங்கள் வழுக்கிக்கொண்டு ஓடின. பேராசிரியை சுற்றி வளைக்காமல் எழுதியிருந்தார். உடம்பு கழற்றிப் போட்டுவிட்டுப் போகிற சட்டை இல்லை, ஏறிப் போகிற வண்டி என்றார். ஆசையின் கழுத்தை நெரிக்கச் சொல்லவில்லை இந்த வழி, கண்ணைத் திறந்துகொண்டு அதைப் பார்க்கச் சொல்கிறது என்றார். இதைச் சாக்காக வைத்துக்கொண்டு அலைகிறவர்களுக்கு நெறியும் இல்லை, நிறைவும் இல்லை என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தார். அவளுக்கு அந்த அம்மாளைப் பிடித்துப் போயிற்று.

நாலாம் அத்தியாயத்தில்தான் வண்டி நின்றது. வழிபாட்டில் சேரும் ஐந்து பொருள்களைப் பற்றிய அத்தியாயம். மது, மாமிசம், மச்சம், முத்திரை என்று கமா போட்டுப் படித்துக்கொண்டே வந்தவர், ஐந்தாவதில் இருமினார்.

அச்சுத்தாளில் ஐந்தாவதாக ‘மைத்துனன்’ என்று இருந்தது. அதைப் படித்துக்காட்டி, மூலத்திலும் அப்படித்தானா என்று கேட்டாள். ஆமாம், மேலே போ என்றார். அவரும் மைத்துனன் என்றே படித்துக்கொண்டு போனார், அவள் பின்னாலேயே போனாள். ‘மைத்துனன் இன்றிச் சடங்கு நிறைவுறாது.’ சரிதான், எந்த வீட்டுக் காரியம் மச்சான் இல்லாமல் நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ‘சிலர் மைத்துனனைப் புறத்தே கொள்வர், சிலர் மூச்சின் வழியே அகத்தே கொள்வர்.’ அதையும் சகித்துக்கொண்டாள். ‘மைத்துனனிடம் அவசரப்படுகிறவன் களைப்பை மட்டுமே பெறுவான்’ என்று வந்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

“அதை இப்படிக் கொடுங்க.”

அவர் தாளைப் பிடித்த பிடியை விடவில்லை. அவள் இழுத்து வாங்கினாள். பேராசிரியையின் கையெழுத்து குண்டு குண்டாக, குழந்தைகூடப் படிக்கிற மாதிரி இருந்தது. மைதுனம். ஆணும் பெண்ணும் கூடுவது. அச்சுக்கோத்தவருக்கு அந்தச் சொல் தெரியவில்லை போலிருக்கிறது, தெரிந்த சொந்தக்காரரைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார். புரட்டி எண்ணினால் நாற்பத்திரண்டு இடம். அது போகட்டும், அச்சுக்கோப்பில் நடக்காததா? இவர் எப்படி அதையே படித்தார்?

“முப்பது வருஷத்துல இன்னிக்குத்தான் தப்பாப் படிச்சிருக்கீங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உன் எதிர்ல அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு.”

“பொண்டாட்டி எதிர்ல சொல்லாம வேற யார் எதிர்ல சொல்றதாம்?”

அத்தியாயத்தை முதலிலிருந்து, ஒரு சொல் விடாமல் படிக்கச் சொன்னாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

“இருவரும் எதிரெதிரே அமர்ந்து கமா ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்கும் வரை காத்திருக்க வேண்டும் புள்ளி எதிரே இருப்பவள் வெறும் மனைவி அல்ல கமா சக்தி புள்ளி எதிரே இருப்பவன் வெறும் கணவன் அல்ல கமா சிவம் புள்ளி இந்தப் பார்வை வந்தால் மைதுனம் வழிபாடு கமா வராவிட்டால் அது வெறும் பழக்கம் புள்ளி”

பத்தி முடிந்துவிட்டது. மேசையில் தட்டு விழவில்லை. தூக்கிய கை அப்படியே நின்றது. எதிரெதிரேதான் உட்கார்ந்திருந்தார்கள், முப்பது வருடமாக. அவர் மூச்சு அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. தொண்டையில் இருந்த கேள்வி தானாக வெளியே வந்தது.

“நீங்க மேல போறதுக்காகத் தனியாப் போனீங்களா, இல்ல நான் வேண்டாம்னு போனீங்களா?”

“மேலயும் போகலை, ஒண்ணும் போகலை,” என்றார் அவர். “பயம். உன் பக்கத்துல படுத்திருக்கும்போது நெஞ்சு நின்னுட்டா உன் கதி என்ன ஆகும்னு பயம். அதை வெளிய சொல்ல வெட்கம். உன் தம்பி வந்து அதுக்குத் துறவுன்னு ஒரு கௌரவமான பேரு வச்சான். எனக்கும் வசதியாப் போச்சு.”

ஆறு வருடமாக ஒரு மகானோடு மனசுக்குள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம், கடைசியில் பார்த்தால் பயந்தாங்கொள்ளி ஒருத்தர் என்று அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, டாக்டர் என்ன சொல்லியிருந்தார் என்று கேட்டாள். அவர் கொஞ்சம் இழுத்தார். ரெண்டு மாடி மூச்சு வாங்காமல் ஏற முடிந்தால் எதற்கும் தடையில்லை என்றாராம்.

“அச்சகம் எத்தனாவது மாடி?”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். “ரெண்டாவது.”

“லிஃப்ட்?”

“இல்லை.”

“வாரத்துக்கு எத்தனை தடவை ஏறி இறங்கறீங்க?”

“ரெண்டு,” என்றவர், மூலப்பிரதிக்கே உரிய நேர்மையோடு சேர்த்துச் சொன்னார்: “புரூப் கட்டையும் தூக்கிக்கிட்டு.”

அதற்கப்புறம் வெகுநேரம் வேலை ஓடவில்லை. ஒருவர் சிரிப்பை நிறுத்தினால் இன்னொருவர் தொடங்கினார். பிறகு அவள் பேனாவை எடுத்தாள். நாற்பத்திரண்டு இடத்திலும் மைத்துனனை அடித்துவிட்டு, ஓரத்தில் சரியான சொல்லை எழுதினாள். ஒவ்வொன்றையும் அவர் வாய்விட்டுப் படித்தார். முதல் பத்தில் காது சிவந்தது. இருபதுக்கு மேல் அது கமா, புள்ளி போல இன்னொரு சொல்லாகிவிட்டது.

வெயில் தணிகிற நேரத்தில் கட்டைக் கட்டி வைத்தார்கள். முழங்கால் பிடித்துக்கொண்டது என்று அவள் முனகினாள். அவர் தைலக் குப்பியை எடுத்து வந்தார். நீட்டவில்லை. தரையில் உட்கார்ந்து, அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவசரமே இல்லாமல் தேய்த்தார். பேராசிரியை பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

விளக்குப் போட உள்ளறைக்குப் போனவள், கட்டிலில் இரண்டு தலையணைகளைப் பார்த்தாள். தைலம் எடுக்கப் போன சாக்கில் உறையைக்கூட மாற்றிப் போட்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி போன் செய்தான். அத்தானின் ஆன்மிக சாதனை எந்த அளவில் இருக்கிறது என்று விசாரித்தான்.

“நல்லா முன்னேறியிருக்குடா. புத்தகத்துல ஒரு பிழை இருந்துச்சு. இன்னிக்குத்தான் திருத்தினோம்.”

“என்னக்கா பிழை?”

“வரக்கூடாத எடத்துல எல்லாம் மைத்துனன் வந்திருந்தான்.”

தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே சாப்பாட்டு மேசையில், பத்தி முடிந்ததற்கு அடையாளமாக, ஒரு தட்டு விழுந்தது.