ஒருமுறை மட்டும் காட்டப்படும்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அன்றைக்கு மதியச் சாப்பாட்டில் என் மாமனாரும் கணவரும் யாரோ போய்விட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் பட்டறையில் உருப்படியாக இருப்பது ஒரே ஒரு சிஎன்சி மெஷின். இரும்புக் கட்டியை இறுக்கிக் கொடுத்துவிட்டால் போதும், கம்ப்யூட்டர் சொல்கிற அளவுக்கு அதுவே வெட்டிக் குடைந்து கொடுத்துவிடும். அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி புகைந்துவிட்டது. புதுப் பெட்டிக்குக் கம்பெனிக்காரன் சொன்ன விலையில் இன்னொரு பட்டறையே வைக்கலாம்.

“ஒரு பழைய கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போட்டா ஓடிடும் மாமா” என்றேன். இருவர் கையும் தட்டிலேயே நின்றது.

கல்யாணத்துக்கு முன்னால் நான் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தவள். மாமனாருக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது, “கொஞ்ச நாளைக்குப் பட்டறைக் கணக்கைப் பாத்துக்கோ” என்று என் கணவர் கேட்டார். வேலையை விட்டேன். எங்கள் வீட்டில் கொஞ்ச நாள் என்றால் அதற்குக் கடைசி நாள் கிடையாது. மாமனார் குணமாகி மாடிப்படி ஏற ஆரம்பித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது, நான் அப்போதும் பட்டறையில்தான் இருந்தேன். அந்தச் சாப்பாட்டுக்கு முந்தின வாரம் பழைய மேனேஜர் அம்மா கூப்பிட்டு, ஓர் இடம் காலியாக இருக்கிறது, ஒண்ணாம் தேதி வந்து சேர முடியுமா என்றார். வரேன் என்று சொல்லிவிட்டேன். அதையும் அதே சாப்பாட்டில் வீட்டில் சொன்னேன்.

“மெஷின் ஓடட்டும், தாராளமா போ” என்றார் கணவர். மாமனாரும் தலையாட்டினார். நான் நம்பினேன். எனக்குப் படிப்பு இருக்கிற அளவுக்குப் புத்தி இல்லை.

கம்ப்யூட்டர் தேடும் படலம் தொடங்கியது. லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரி, ஆனால் காசில்லாமல் கிடைப்பது. அதற்குள் கர்னல் என்று ஒன்று உண்டு. எந்த வேலைக்கு எப்போது முறை என்று பங்கு போட்டுக் கொடுப்பது அதுதான். சாதாரணக் கர்னல் எல்லாருக்கும் ‘இதோ வரேன், இதோ வரேன்’ என்று சொல்லி எல்லா வேலையையும் ஒப்பேற்றிவிடும். மெஷினுக்கு அது ஆகாது. மோட்டாருக்கு அடுத்த அடி எடுத்துவைக்கச் சொல்லும் நொடி வந்தால், மற்ற எல்லாவற்றையும் போட்டுவிட்டு அதைக் கவனிக்க வேண்டும். அடுப்பில் பால் பொங்கும்போது போனில் யார் இருந்தாலும் ஓடுகிறோமே, அப்படி. அதற்கென்று இருப்பது ரியல்-டைம் கர்னல். அதைப் போட்டுவிட்டு, எவ்வளவு தாமதமாகிறது என்று ஒரு சோதனையை ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனை சராசரியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. இதுவரை நடந்ததிலேயே மோசமான தாமதம் எதுவோ அதை மட்டும் திரையில் நிறுத்தி வைத்துக்கொண்டிருக்கும். கல்யாணத்துக்கு வந்துபோன சொந்தக்காரர்கள் மாதிரி.

முதலில் கணவர் தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். “புதுசு, பறக்கும்” என்றார். பறந்தது. ஆனால் பேட்டரியை மிச்சம் பிடிக்க அவ்வப்போது கண்ணசந்துவிடும். அப்போதெல்லாம் எண் எகிறும். அடுத்து, கடைக்காரர் தலையில் கட்டிய கையகலக் கறுப்புப் பெட்டி. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று ஒரு தாமதம். கர்னலை மாற்றினேன், தேவையில்லாததையெல்லாம் அணைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில்தான் புரிந்தது: அந்தப் பெட்டியின் போர்டே அவ்வப்போது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தன் சூட்டைப் பார்த்துக்கொள்கிறது. தன்னை யார் நிறுத்தினார்கள் என்பதுகூடக் கர்னலுக்குத் தெரியாது. மேலே உட்கார்ந்து என்ன மாற்றினாலும் அதற்கு அடியில் இருப்பவன் வைத்ததுதான் சட்டம். எனக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல் இருந்தது.

மூன்றாவதாகக் கிடைத்தது, ஏதோ அலுவலகத்தில் கழித்துப் போட்ட மேசைக் கம்ப்யூட்டர். மஞ்சள் பாரித்து, கனமாக, பின்பக்கம் பிரிண்டர் மாட்டுகிற அந்தக் காலத்து நீளமான துளையோடு இருந்தது. எனக்கு வேண்டியதும் அந்தத் துளைதான், மோட்டார்களுக்கு அதன் வழியாகத்தான் கட்டளை போகும். நாலைந்து வீடியோவை ஒரே நேரத்தில் ஓடவிட்டேன், ஜன்னல்களைப் பிடித்து இங்குமங்கும் இழுத்தேன், பெரிய கோப்புகளை நகலெடுத்தேன். என்ன அட்டூழியம் செய்தும் அந்த எண் அசையவில்லை. அழுகை வந்துவிட்டது எனக்கு. ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்து அழுத பெண் நானாகத்தான் இருப்பேன்.

மெஷின் ஓடியது. மாமனார் முதல் உருப்படியை மைக்ரோமீட்டரில் அளந்து பார்த்தார். மறுபடி அளந்தார். பிறகு அந்தப் பழைய பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, “கெட்டிக்காரி” என்றார். பெட்டியைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் பட்டறையில் ஒரு புது நாற்காலி இருந்தது. சக்கரம் வைத்தது, முதுகுக்கு மெத்தை போட்டது, கம்ப்யூட்டருக்கு நேர் எதிரே.

“உனக்குத்தாம்மா. நாள் பூரா உக்காந்தா முதுகு வலிக்கும்ல” என்றார் மாமனார்.

அதற்கடுத்த நாள் நாற்காலிக்கு மேலே ஒரு மின்விசிறி வந்தது. சண்டை போடுகிறவர்களிடம் நானும் சண்டை போடுவேன், அதில் எனக்குப் பழக்கம் உண்டு. மெத்தை வைத்த நாற்காலி வாங்கித் தருகிற மனுஷனிடம் என்ன சொல்வது? ஒண்ணாம் தேதியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒருமுறை சொல்லியாயிற்றே, எல்லாருக்கும் தெரியும்தானே என்று நானும் பேசவில்லை. துணிமணியை மட்டும் இஸ்திரி போட்டு எடுத்து வைத்தேன்.

ஒண்ணாம் தேதி காலை பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். கணவர் போன் செய்தார்.

“உடனே வா. மெஷின் கோணலா வெட்டிடுச்சு.”

பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது. திரும்பி நடந்தேன். கால்கள் யாரைக் கேட்டுத் திரும்பின என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பட்டறையில் வெட்டும் கருவி முறிந்து கிடந்தது. இரும்புக் கட்டியின் நடுவே குறுக்காக ஒரு பள்ளம். மாமனார் அதை விரலால் தடவியபடி நின்றார், திட்டவில்லை. இந்த மோட்டார்களுக்கு ஒரு குணம் உண்டு. கட்டளை ஒழுங்கான இடைவெளியில் வராவிட்டால் ஓர் அடி தவறிவிடும், ஆனால் தவறியது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எல்லாம் சரியான இடத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு மேலே வெட்டிக்கொண்டே போகும்.

“இதுல ஏதாவது தொட்டீங்களா?” என்றேன்.

“நான் ஒண்ணும் தொடலியே” என்றார் கணவர். கொஞ்சம் யோசித்தார். “பாட்டு கேக்கலாம்னு நெட் குடுத்தேன். அப்டேட் பண்ணவான்னு கேட்டுச்சு, சரின்னேன். நல்லதுதானே அது?”

அவ்வளவுதான் விஷயம். அப்டேட்டோடு புதிதாக ஒரு சாதாரணக் கர்னல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. அடுத்தமுறை போட்டபோது கம்ப்யூட்டர் அதையே எடுத்துக்கொண்டுவிட்டது.

“அப்படின்னா திரையில ஒரு மெசேஜ் வந்திருக்குமே.”

“ஆமா, புதன்கிழமை என்னமோ காட்டுச்சு. ஓகேன்னு அமுக்கினேன், போயிடுச்சு. அப்புறம் கம்ப்யூட்டரை அணைக்காமலே வெச்சிருந்தேன், அது வரவே இல்ல. சரியாயிடுச்சுன்னு விட்டுட்டேன்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“நீ துணி எடுத்து வெச்சிட்டிருந்தே. எதுக்குத் தொந்தரவுன்னு…”

நான் மெஷினிலிருந்து இரும்புக் கட்டியை எடுக்கச் சொன்னேன். கம்ப்யூட்டரை அணைத்து, வேண்டுமென்றே அந்தச் சாதாரணக் கர்னலிலேயே மறுபடி போட்டு, வெறும் காற்றில் ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் திரையின் மூலையில் அந்த மெசேஜ் வந்தது. கணவரின் கை பழக்க தோஷத்தில் மவுஸுக்குப் போனது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அமுக்காதீங்க. படிங்க.”

அவர் அந்த இங்கிலீஷைத் தட்டுத்தடுமாறிப் படித்தார். எதிர்பாராத தாமதம் ஏற்பட்டது என்று முதல் வரி. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததையும் படிக்கச் சொன்னேன். மறுபடி தொடங்கும்வரை இந்தச் செய்தி ஒருமுறை மட்டுமே காட்டப்படும் என்று இருந்தது.

“ஒரு தடவைதான் சொல்லுமா?” என்றார் மாமனார். “கஷ்டம் தொடர்ந்து இருந்தாலுமா?”

“ஆமா மாமா. அப்புறம் சொல்லாது. நாமதான் சரியாயிடுச்சுன்னு நெனைச்சுக்குவோம்.”

என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. “நானும் ஒரு தடவைதான் சொன்னேன். ஒண்ணாம் தேதி வேலைக்குப் போறேன்னு. நீங்க ரெண்டு பேரும் சரின்னு அமுக்கிட்டீங்க.”

கணவர் தரையைப் பார்த்தார். நான் சரியான கர்னலில் போட்டு, இனி எப்போதும் அதையே எடுக்கும்படி பூட்டி, வலைத்தொடர்புக் கம்பியைப் பிடுங்கி என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மாமனார் நாற்காலியின் கையைத் தன் துண்டால் துடைத்தார். “போயிட்டு வாம்மா. நான் தடுக்கல. நீ வர்ற வரைக்கும் மெஷினை நிறுத்தி வெச்சிடறோம். சாயங்காலம் வந்ததும் ஓட்டிக்கலாம்.”

அவர் அதை மனசாரச் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. கதவைத் திறந்துவிட்டு, வீட்டின் பிழைப்பு முழுவதையும் என் முந்தானையில் முடிந்து அனுப்புகிறார்.

“நிறுத்த வேண்டாம் மாமா. ஓடட்டும்” என்றேன். கணவரைத் தோளைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தேன். மெத்தை அவருக்கும் பொருத்தமாகத்தான் இருந்தது. “மெசேஜ் வந்தா அமுக்காதீங்க. படிங்க. அவ்ளோதான் வேலை.”

அடுத்த பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மேனேஜர் அம்மாவுக்குத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினேன். உடனே போன் அடித்தது.

“மெசேஜ் வந்திருக்கு. நான் அமுக்கல. அப்படியே வெச்சிருக்கேன், நீ வந்து பாரு” என்றார் கணவர்.

எழுந்து நிற்கப் போனேன். முன் சீட்டுக் கம்பியைப் பிடித்த கையைக் கஷ்டப்பட்டு எடுத்து மடியில் வைத்தேன். “படிங்க” என்றேன்.

“அதெல்லாம் எனக்கு எங்க…”

“நான் இறங்கப் போறதில்ல. எழுத்துக்கூட்டிப் படிங்க.”

படித்தார். இரண்டாவது சொல்லிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் கடைசிவரை படிக்கவிட்டேன். மோட்டார்களை அவற்றின் தொடக்க இடத்துக்குக் கொண்டுபோகாமல் வெட்டச் சொல்லியிருக்கிறார். தினமும் காலையில் அவரே செய்கிற வேலைதான்.

“ஓ, இதுதானா” என்றார். கொஞ்ச நேரத்தில் மெஷின் ஓடும் சத்தம் போனில் கேட்டது. ஒழுங்கான சத்தம், அடி தவறவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

“ஓடுது” என்றார். “ஆனா நீ கட் பண்ணாத. சாயங்காலம் வரைக்கும் அப்படியே லைன்ல இரு.”

திரையில் சிவப்புப் பொத்தான் இருந்தது. அமுக்கினேன்.

உடனே மறுபடி அடித்தது. நிறுத்தினேன், மறுபடியும் அடித்தது. ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் அந்தக் கம்ப்யூட்டருக்கும் எனக்கும்தான்.