வெள்ளைக்குள் வெள்ளை

சேலைச் சட்டையின் இடது பக்கம் தொய்ந்து கிடந்தது. ஜெசிதா இன்னொரு பிடி பஞ்சைக் கிழித்து உள்ளே திணித்தாள். வலது பக்கத்தோடு சரிவரவில்லை. வெளியே எடுத்துப் பிரித்து, மறுபடியும் திணித்தாள்.

"இன்னும் கொஞ்சம் வை பிள்ளை" என்றாள் தலைமாட்டில் நின்ற லூர்த்தம்மா. "கலியாணச் சீலை. வடிவா இருக்கவேணும். பெட்டிக்குள்ளை கிடந்தாலும் சனம் உத்துத்தான் பாக்கும்."

அக்கா றொசாந்தியின் உடலைப் பதப்படுத்தி, மலர்ச்சாலைக்காரர் காலை ஏழு மணிக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். சேலை உடுத்துவது வீட்டுப் பெண்களின் வேலை என்று சட்டம் போட்டவள் லூர்த்தம்மா. பக்கத்து வீட்டுக்காரி. குருநகரின் இந்தப் பக்கத்தில் அவள் கை படாமல் ஒரு பிள்ளைப்பேறும் இல்லை, ஒரு செத்தவீடும் இல்லை. வீட்டுப் பெண்கள் என்று பார்த்தால் தங்கை ஜெசிதாவும் மகள் டெல்சியாவும்தான். டெல்சியா கதவடியில் வந்து நின்று ஒருமுறை பார்த்தாள், திரும்பிப் போய்விட்டாள். பத்தொன்பது வயதுப் பிள்ளை. குறை சொல்ல முடியுமா?

ஜெசிதாவுக்குக் கை நடுங்கவில்லை. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பதினெட்டு வருடங்களாக முன்பின் தெரியாத பெண்களின் மார்பைத் தூக்கித் தட்டில் வைத்து, மேல் தட்டை இறக்கி, "கொஞ்சம் நோகும், மூச்சைப் பிடியுங்கோ" என்று சொல்லிப் பழகிய கை அது. ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பகுதியில் மமோகிராம் மெசின் அவளுடைய பொறுப்பு. எலும்பைப் படம் எடுப்பது லேசு. எலும்பு தானாகவே தெரியும். சதையைப் படம் எடுப்பதுதான் கரைச்சல். கதிரின் வேகத்தைக் குறைக்கவேண்டும், மார்பை நசுக்கிப் பரப்பவேண்டும். அப்படிச் செய்தால் கொழுப்புக் கறுப்பாகவும் மற்றதெல்லாம் வெள்ளையாகவும் விழும். புற்று வந்தால் அதுவும் வெள்ளைதான்.

படம் எடுக்கிறவர் வாய் திறக்கக் கூடாது என்பது அந்த வேலையின் முதல் பாடம். வாசிக்கிறவர் டொக்டர். ஒரு பெண் சட்டையைப் போட்டபடி "ஏதும் கிடக்கோ, மிஸ்?" என்று கேட்காத நாளில்லை. காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியவர்கள் உண்டு, ஏசிவிட்டுப் போனவர்களும் உண்டு. எல்லோருக்கும் ஜெசிதாவிடம் ஒரே பதில்: "ரிப்போட் கிளினிக்குக்குப் போகும். அங்கை சொல்லுவினம்." முகத்தில் ஒரு கோடு கூட அசையாது.

ஒரே ஒருத்திக்கு மட்டும் அந்தப் பதிலை அவள் சொல்லவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்பு இடது பக்கம் குத்துகிறது என்று அக்கா வந்தாள். "சின்னனிலை உனக்கு நான் குளிக்க வாத்தனான். இப்ப பார், உனக்கு முன்னாலை நான் கழட்டவேண்டிக் கிடக்கு" என்று பகிடி விட்டாள். ஆனால் உதடு காய்ந்து வெடித்திருந்தது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லையாம். தாய் செத்தபோது ஜெசிதாவுக்கு ஒன்பது வயது. தூக்கி வளர்த்தது இவள்தான். படம் திரையில் விழுந்தபோது இரண்டு மார்பும் ஒரே வெள்ளையாக இருந்தன. சிலருக்குச் சதை அப்படித்தான், நெருக்கமாக இருக்கும். அதற்குள் ஒரு கட்டியைத் தேடுவது சோற்றுக்குள் தேங்காய்ப்பூவைத் தேடுகிற மாதிரி. ஜெசிதா உற்று உற்றுப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"ஜெசி, நீ சொல்லு. டொக்டர்மார் ஆயிரம் சொல்லுவினம். நீ சொல்லு."

"ஒண்டும் இல்லை அக்கா. போய்ச் சமை."

ஒன்றும் தெரியவில்லை என்பது வேறு, ஒன்றும் இல்லை என்பது வேறு. அதைப் படித்துச் சோதனை எழுதிப் பாஸ் பண்ணியவள் ஜெசிதா. இருந்தும் அந்த நேரம் அக்காவின் முகத்தைப் பார்த்தபடி வாயில் வந்தது இரண்டாவதுதான். இரண்டு கிழமை கழித்து, "கிளினிக்குக்குப் போனனியோ?" என்று கேட்டாள். "நீ சொன்னாப் பிறகு அங்கை போய் என்னத்துக்கு லைனிலை நிக்கிறது?" என்றாள் அக்கா. ஜெசிதா அதோடு விட்டுவிட்டாள். பதினாலு மாதம் கழித்துக் கட்டி கையில் தட்டுப்பட்டது. மார்பை எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், தலைமயிர் போனது. அதற்குள் ஈரலுக்கும் முதுகெலும்புக்கும் பரவிவிட்டது. நேற்று விடிய, தங்கையின் மடியில் தலை வைத்தபடி, றொசாந்தி மூச்சை விட்டாள்.

"தங்கச்சி எண்டா உன்னை மாதிரி இருக்கவேணும்" என்றாள் லூர்த்தம்மா, சேலைக்கு ஊசி குத்தியபடி. "நீ பக்கத்திலை இருந்தபடியால்தான் இவ்வளவு நாளும் இழுத்தவள்." பிறகு குரலைத் தாழ்த்தி, மடிக்குள் இருந்து போனை எடுத்தாள். "பிள்ளை, குறை நினைக்காதை. போன கிழமை எனக்கு வயித்திலை ஸ்கான் எடுத்தவங்கள். ரிப்போட்டைப் படம் பிடிச்சு வச்சிருக்கிறன். ஒருக்காப் பாத்துச் சொல்லன்."

"ஐயோ லூர்த்தம்மாக்கா! செத்தவீட்டிலையோ? டொக்டரிட்டைக் கேளுங்கோ."

"ஓமோம், ஊருக்கெல்லாம் டொக்டர். கொக்காவுக்கு மட்டும் நீயே சொன்னனியாம். 'என்ரை தங்கச்சி பாத்தவள், ஒண்டும் இல்லையாம்' எண்டு ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிஞ்சவளெல்லோ!"

ஜெசிதா மிச்சப் பஞ்சைச் சுருட்டிக் கீழே வைத்தாள். எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவரும் கணக்குக் கூட்டிப் பார்க்கவில்லை.

அத்தான் எமில்ராஜ் கதவடியில் வந்து நின்றார். கடலுக்குப் போகிற மனிதர். வெள்ளைச் சேட்டுப் போட்டால் வேறு யாரோ போல இருப்பார். "ஜெசி, விதானையார் வந்திருக்கிறார். மரணப் பதிவுக்குக் கிளினிக் பைல் வேணுமாம். உனக்குத்தானே தெரியும் எது எங்கை கிடக்கெண்டு."

பைல் அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே இருந்தது. அவள் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பைலைத் திறந்தாள். முதல் தாளே அந்த மமோகிராம் ரிப்போட்தான்; அக்கா போகாததால் கிளினிக்கிலேயே கிடந்து, பிறகு பைலில் சேர்ந்தது. ஆங்கிலத்தில் நாலு வரி. சதை மிக நெருக்கமாக இருப்பதால் தெளிவாகச் சொல்ல முடியாது. உடனே அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்கவும். மேலே திகதி, கீழே டொக்டரின் ஒப்பம். யாராவது சரியான நேரத்தில் எடுத்து வாசித்திருந்தால் அக்கா இப்போது குசினியில் சமைத்துக்கொண்டு நின்றிருப்பாள். இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம், அது ஜெசிதாவுக்கும் தெரியும். ஆனால் அந்தச் சமாதானம் அவளுக்கு ஒட்டவில்லை. தாளை உருவி நாலாக மடித்துத் தன்னுடைய கைப்பைக்குள் வைத்தாள். பைலைக் கொண்டுபோய் அத்தானிடம் கொடுத்தாள். விதானையார் கடைசித் தாளை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டார்.

மூன்று மணிக்குக் கோயிலில் துக்க மணி அடித்தது. பூசையில் சுவாமியார் பிரசங்கம் வைத்தார். நோயாளியான அக்காவைத் தாய் போலப் பராமரித்த ஒரு சகோதரி நம் நடுவே இருக்கிறார் என்றார். முன்வரிசையே திரும்பி ஜெசிதாவைப் பார்த்தது. அவள் நிலத்தைப் பார்த்தாள். சேமக்காலையில், குழியடியில், ஆளாளுக்கு வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். இத்தனை பேருடைய கையும் தன்மேல் விழ, தனக்கு ஒருவரும் இல்லை என்ற எண்ணம் அவளுக்கு அப்போதுதான் முதன்முதலாக வந்தது. குழிக்குள் ஒரு பிடி மண் போட்டாள். பெட்டியில் பட்ட சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது முற்றத்தில் தறப்பாளின் கீழ் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எமில்ராஜ் ஒரு கதிரையில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். ஜெசிதா பக்கத்தில் இருந்தாள். டெல்சியா முகம் கழுவிக்கொண்டு வந்து, சின்னப் பிள்ளை மாதிரி அவள் தோளில் சாய்ந்தாள்.

"சின்னம்மா, ஒண்டு கேக்கட்டோ? அம்மாவுக்கு வந்தா மகளுக்கும் வருமாமெல்லோ? எனக்குப் பயமாக் கிடக்கு."

"எல்லாருக்கும் வராதம்மா. உனக்கு இப்ப வயசும் இல்லை."

"வயசு வந்தாப் பிறகு நீங்களே எனக்குப் பாருங்கோ. நான் கிளினிக் ஒண்டுக்கும் போகமாட்டன். நீங்க சொன்னாக் காணும். அம்மாவுக்குச் சொன்ன மாதிரி."

ஜெசிதா கைப்பையை மடிக்கு இழுத்தாள். சொன்னால் இந்த வீடு போகும். கலியாணம் கட்டாமல், நாற்பத்தி மூன்று வயதில், அவளுக்கென்று இருந்தது இந்த வீட்டின் பின்னறையும் இந்த மூன்று பேரும்தான்; இப்போது இரண்டு பேர். சொல்லாமல் விட்டால் இந்தப் பிள்ளையும் தாயைப் போலவே ஒரு வாய்ச்சொல்லை நம்பி வீட்டில் இருக்கும்.

கைப்பையைத் திறந்து தாளை எடுத்து டெல்சியாவின் கையில் கொடுத்தாள்.

"இது அம்மாவின்ரை முதல் ரிப்போட். படத்திலை ஒண்டும் தெரியேல்லை. டொக்டர் வேறை ஸ்கான் எடுக்கச் சொல்லி எழுதினவர். அது வரமுதலே நான் கொம்மாவுக்கு ஒண்டும் இல்லையெண்டு சொல்லிப்போட்டன். நான் சொன்னபடியால்தான் அவ கிளினிக்குக்குப் போகேல்லை. காலமை இதைப் பைலுக்குள்ளை இருந்து களவா எடுத்தனான்."

எமில்ராஜ் நிமிர்ந்தார். அவர் ஏசிப் பேசுவார் என்று அவள் காத்திருந்தாள். வாயில் வந்தபடி பேசட்டும், தூசணத்தாலும் பேசட்டும், கதிரையைத் தூக்கி எறியட்டும். அவர் கைகள் இரண்டையும் விரித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் மடித்துக்கொண்டார்.

"அண்டைக்கு நீ சொன்னாப் பிறகு வந்து கோப்பை நிறையச் சோறு போட்டுத் திண்டவள்" என்றார். "என்னைக் கூட்டிக்கொண்டு மடுமாதா திருநாளுக்குப் போனவள். அந்த வருசம் முழுக்கச் சிரிச்சுக்கொண்டுதான் திரிஞ்சவள். அதுக்கு உன்னைப் பேசுறதோ, பிள்ளை? விடு. போனவள் போயிட்டாள்."

"பேசுங்கோ அத்தான்" என்றாள் ஜெசிதா. "ஒருக்காப் பேசுங்கோவன்."

"எனக்கு ஏலாது" என்று எழும்பிக் கிணற்றடிப் பக்கம் போனார்.

டெல்சியா தோளை விட்டு எப்போது விலகினாள் என்று தெரியவில்லை. தாளை இரண்டு தரம் வாசித்தாள். உயர்தரத்தில் உயிரியல் படித்த பிள்ளை, விளங்கப்படுத்தத் தேவையில்லை. திகதியை விரலால் தொட்டாள்.

"படம் எடுக்க வாற ஊர் ஆக்களுக்கு நீங்க ஒண்டும் சொல்லுறேல்லையே?"

"இல்லை."

"ஒருத்தருக்கும்?"

"ஒருத்தருக்கும் இல்லை. கொம்மா பயந்துபோய் இருந்தவ."

"பயந்து இருந்திருக்கலாம்" என்றாள் டெல்சியா. "உயிரோடை இருந்திருப்பா."

அவள் அழவில்லை. தாளை முன்பிருந்த மடிப்பிலேயே மடித்து உள்ளே கொண்டுபோனாள். அலுமாரிக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. ஜெசிதா எழும்பிப் பின்னறைக்குப் போகப் பார்த்தாள். அதற்குள் லூர்த்தம்மா இரண்டு சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள், பின்னால் மருமகள் சோற்றுப் பானையோடு.

"ஆரும் கதைக்கப்படாது. பச்சைத்தண்ணி குடியாமல் கிடக்கிறியள் காலமை தொடக்கம். சைவச் சாப்பாடுதான், இருந்து சாப்பிடுங்கோ. எடி டெல்சியா, எடுத்துப் போடு."

விறாந்தையில் பாய் போட்டு இருந்தார்கள். கிணற்றடியில் இருந்து ஈரக் காலோடு வந்த எமில்ராஜுக்கு ஜெசிதாவின் பக்கத்திலேயே இடம் விழுந்தது. டெல்சியா அகப்பையோடு குனிந்து தகப்பனுக்குப் போட்டாள். "அப்பா, பருப்பு விடட்டோ?" என்று கேட்டு விட்டாள். லூர்த்தம்மாவுக்குப் போட்டாள், "மாமி, கத்தரிக்காய் இன்னும் கொஞ்சம்" என்றாள். பிறகு ஜெசிதாவிடம் வந்தாள். கோப்பையின் நடுவில் அளவாக வைத்தாள். கை தவறி விரல் படாதபடி பார்த்து வைத்தாள்.

"இவ்வளவும் காணுமோ, மிஸ்?" என்றாள், ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் சனம் கேட்கிற அதே மரியாதையோடு.

லூர்த்தம்மாவின் கை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. எமில்ராஜ் தன் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார்.

"காணும்" என்றாள் ஜெசிதா.

டெல்சியா அகப்பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் போனாள். ஜெசிதா சோற்றைப் பிசையத் தொடங்கினாள்.